அரையாண்டு லீவுக்கு முன்னாடி பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

எல்லா பெற்றோர்களுக்கும் வணக்கமுங்க. அரையாண்டு பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. கலைத்திருவிழால நம்ம பசங்க நல்லா பண்ணாங்க, விளையாட்டுலயும் பரிசு வாங்கியிருக்காங்க, எட்டாவது பசங்க என்.எம்.எம்.எஸ்-ங்கற மத்திய அரசு உதவித்தொகை பரீட்சைக்கு தயாராகிட்டு இருக்காங்க (செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து மாசம் 1000 ரூபா, அதனால லீவுலயும் கொஞ்சம் உட்கார வைங்க). எல்லாருக்கும் வாழ்த்துக்கள். பள்ளி ஜனவரி 5 திங்கக்கிழமை திறக்குது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலைல நம்ம மிஸ் ஒருத்தங்க போர்டுல தேதிய எழுதிட்டு சாக்பீஸோட அப்படியே நின்னுட்டாங்க. முதல் பெஞ்சு பாப்பா ஒண்ணு "மிஸ் தண்ணி குடிக்கறீங்களா"ன்னு பாட்டிலை நீட்டிட்டு, அப்புறம் எங்கிட்ட ஓடி வந்துச்சு. கூட்டிட்டு வந்து உட்கார வச்சு கேட்டா அவங்க பேசவே இல்ல, போனை எடுத்து காட்டுனாங்க. முந்தின நாள் ராத்திரி 10.50க்கு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அப்பாவோட நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ், கணக்குல ஏன் ரெண்டு மார்க் குறைச்சீங்கன்னு, அதுவும் என்ன தொனில! கீழ "ஆமா", "கரெக்ட்"னு வரிசையா. 11.20க்கு இன்னொருத்தர், நாளைக்கு சார்ட் பேப்பர் என்ன கலருன்னு. காலைல 5.40க்கு புள்ளைக்கு சளி, லீவுன்னு.

அவங்களுக்கு 6, 7, 8 மூணு வகுப்பும் சேத்து 118 பசங்க. ஒரு நோட்டுக்கு ரெண்டு நிமிஷம்னாலும் ஒரு தடவை திருத்தி முடிக்க நாலு மணி நேரம் ஆகும், அது வீட்டுல தான் நடக்குது. காலைல வந்ததும் எமிஸ்-ங்கற கல்வித்துறை ஆப்ல அட்டெண்டன்ஸ், நெட்வொர்க் சுத்திட்டே இருக்கும். நம்ம ஸ்கூல்ல இந்தி பேசற பசங்க, ஒடியா பேசற பசங்களும் இருக்காங்க, அவங்களுக்கு தனியா சொல்லித்தரணும். இதுக்கு நடுவுல நவம்பர் 4ல இருந்து எஸ்.ஐ.ஆர்-ங்கற வாக்காளர் பட்டியல் திருத்த வேலை, பி.எல்.ஓ.வா (வாக்குச்சாவடி நிலை அலுவலரா) போன டீச்சருங்க வீடு வீடா ஃபார்ம் குடுத்தாங்க, நம்ம ஊர்ல வாடகை வீடு மாறிட்டே இருக்கறதால ஒரே வீட்டுக்கு மூணு தடவை நடந்தாங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27 என்ன சொல்லுதுன்னா மக்கள்தொகை கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேற வேலை டீச்சர்களுக்கு குடுக்கக்கூடாதுன்னு. அந்த மூணுமே மாத்தி மாத்தி வந்துட்டுத்தான் இருக்குது, என்ன பண்ண.

இதெல்லாம் எங்க பாடு, நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. ராத்திரி போன் மட்டும் உங்க கையில இருக்குதுங்க.

உங்க கஷ்டம் எனக்கு தெரியாம இல்ல. பனியன் கம்பெனில ஒன்றரை ஷிஃப்ட் முடிச்சு எட்டரைக்கு வெளிய வந்து, சமைச்சு, புள்ளைய விசாரிக்கவே பத்தாயிடும், அப்பதான் டைரிய பார்ப்பீங்க. பகல்ல போன் எடுக்க சூப்பர்வைசர் விடமாட்டாரு. அதனால எப்ப வேணா அனுப்புங்க, ஆனா மிஸ்ஸோட பர்சனல் நம்பருக்கு வேண்டாம், ஸ்கூல் நம்பருக்கு அனுப்புங்க, காலைல 9 மணிக்கு நானே பாத்து பதில் சொல்ல வைக்கறேன். புள்ளைக்கு அவசரம்னா எந்நேரமும் எனக்கு போன் பண்ணுங்க. மார்க் பத்தி கேக்கணும்னா பேப்பரோட நேர்ல வாங்க, தப்பு எங்களுதுன்னா திருத்திக் குடுப்போம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடறேன். ஒரு டீச்சரை குரூப்ல வச்சு மரியாதை இல்லாம பேசினா, யாரா இருந்தாலும் குரூப்ல இருந்து எடுத்துடுவேன், எஸ்.எம்.சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துலயும் விஷயத்தை வைப்பேன். அந்த வாய்ஸ் மெசேஜை புள்ளைங்களும் கேட்டிருக்காங்க, அவங்க முன்னாடி அந்த மிஸ் எப்படி பாடம் எடுப்பாங்கன்னு யோசிங்க.

தப்புல எனக்கும் பங்கு இருக்குதுங்க. மேல இருந்து எக்செல் ஷீட் சாயங்காலம் வந்தா "இன்னைக்கே வேணும்"னு ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டாஃப் குரூப்ல நானும் போட்டிருக்கேன். ஜனவரில இருந்து ஆறு மணிக்கு மேல போடறதில்லைன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

அந்த வாய்ஸ் மெசேஜ் போட்ட அப்பா மறுநாளே லீவு சொல்லிட்டு வந்து மிஸ்கிட்ட பேசிட்டுப் போனாருங்க, அவரு பேரை யாரும் கேக்க வேண்டாம். மழைல கேட்டுகிட்ட தண்ணி நின்னப்ப மண்ணு கொண்டு வந்து கொட்டினவங்களுக்கும், பி.எல்.ஓ டீச்சருக்கு வாசல்லயே உட்கார வச்சு டீ குடுத்தவங்களுக்கும் ரொம்ப நன்றி. பொங்கல் வாழ்த்து இப்பவே சொல்லிக்கறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு: ஸ்டாஃப் ரூம்ல 11 டிபன் பாக்ஸ் மூடி, ஒரு ஒத்தைச் செருப்பு இருக்குது. திறக்கறன்னைக்கு வந்து எடுத்துக்கோங்க.