செம்பெயர்ச்சி 2

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய, தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் நிறமாலைப் படம் இரண்டு நாளாக என் மேசைமேலேயே இருக்கிறது. ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் தெரியும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, இதில் 1,969-இல் நிற்கிறது. கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பு! அலைநீளம் மூன்று மடங்காகியிருக்கிறது, அதாவது பழைய அளவைப் போல் இரு மடங்கு கூடியிருக்கிறது; அந்தக் கூடுதலைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம், அதனால் அது 2 என்று நீ போட்ட கணக்கு சரி. அதன் கீழே, "வேகம்: ஒளியைப் போல் இரு மடங்கு" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பு உன்மேல் இல்லை. செம்பெயர்ச்சியை ஒளிவேகத்தால் பெருக்கினால் விலகும் வேகம் கிடைக்கும் என்று வருடக்கணக்காக வகுப்பில் சொன்னவள் நான். அது எதுவரை செல்லும் என்று சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. செம்பெயர்ச்சி 0.01 என்றால் நொடிக்கு 3,000 கிலோமீட்டர், தூரம் ஏறத்தாழ 14 கோடி ஒளியாண்டு. அங்கே அந்தப் பெருக்கல் நன்றாகவே பொருந்தும். 1929-இல் வானியலாளர் ஹபிள் இந்தத் தொடர்பைக் காட்ட எடுத்துக்கொண்ட விண்மீன் திரள்கள் அதைவிடவும் அருகில் இருந்தவை. மிக அருகில் வந்தால் வேறு கதை, பக்கத்துத் திரளான ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கியே வருகிறது.

உன் படத்தில் இருக்கும் ஒளி கிளம்பி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை காலமும் நடுவில் உள்ள வெளி விரிந்துகொண்டே இருந்தது, கூடவே அலையும் நீண்டது. அது புறப்பட்டபோது இருந்ததைப் போல் இன்று திரள்களுக்கு இடையே மூன்று மடங்கு தூரம். அந்தக் கோடு நேராகச் சொல்வது இவ்வளவுதான் கண்ணா, வேகத்தை அது சொல்வதில்லை. பிரபஞ்சம் எந்தக் காலத்தில் எவ்வளவு விரைவாக விரிந்தது என்ற மாதிரியை வைத்து நாம்தான் கணக்கிட வேண்டும். இன்று ஏற்கப்பட்டிருக்கும் மாதிரிப்படி, அந்தத் திரள் இப்போது ஒளியைப் போல் சுமார் 1.2 மடங்கு வேகத்தில் விலகுகிறது. இதில் ஐன்ஸ்டைனோடு முரண் எதுவும் இல்லை. அது தன் பக்கத்தில் போகும் ஒளியை முந்தவில்லை; நமக்கும் அதற்கும் நடுவில் உள்ள வெளிதான் பெருகுகிறது.

அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சின்ன முகடு தெரிகிறது, பார்த்தாயா? நைட்ரஜனாக இருக்கும் என்று நினைக்கிறேன். 658.3-ஐ மூன்றால் பெருக்கிப் பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா