சிகரெட்டைச் சோதிக்க எத்தனை மணி நேரம்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. வாழ்த்தைச் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் நலம். சரி, சிகரெட் புகையில் உள்ள நிகோட்டின், தார் முதலியவற்றை அளக்கும் ஆய்வகத்துக்கு நீ போட்ட செலவு மதிப்பீட்டுக்கு வருகிறேன். முழுவதும் படித்தேன்.

சிகரெட்டை இழுத்துப் புகைக்கும் இயந்திரம் ஓடும் நேரத்தை அடிப்படையாக வைத்து ஆள்கூலியைக் கணக்கிட்டிருக்கிறாய். அது எனக்கு ஒப்பவில்லை. ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் முறையில் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, 35 மில்லிலிட்டர், 2 விநாடி. ஒரு சிகரெட்டுக்கு எட்டு இழுப்பு என்று வைத்துக்கொள். சிகரெட் செருகும் வாய் 20 உள்ள இயந்திரத்தில் வாய்க்கு ஐந்து வீதம் 100 சிகரெட்டும் சுமார் முக்கால் மணியில் எரிந்துவிடும். சம்பளம் கரைவது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் சிகரெட்டுகளை 22 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அந்த அறையின் ஏசியை இரவிலும் அணைக்க முடியாது. மின்கட்டணத்தைத் தனி வரியாகப் போடு. அப்புறம் எடை பார்த்துப் பொறுக்கி, எந்த இடம் வரை எரிய வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் கோடு போட வேண்டும். ஒவ்வொரு வாயிலும் கசிவு இருக்கிறதா, இழுப்பின் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். இயந்திரத்தில் புகையைப் பிடிக்கும் ஃபில்டர் பேடைப் புகைக்கு முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். அதை ஐசோபுரொப்பனால் என்ற கரைப்பானில் குலுக்கிப் பிரித்து, கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் நிகோட்டினையும் நீரையும் அளக்க வேண்டும். தாரை யாரும் நேரடியாக அளப்பதில்லை. பேடில் படிந்த மொத்தத்தில் நீரையும் நிகோட்டினையும் கழித்தால் மிஞ்சுவதுதான் தார். அதனால் மூன்று அளவீட்டில் எது பிசகினாலும் தார் கணக்கு பிசகும். அனுபவம் இல்லாத ஆளைக் குறைந்த சம்பளத்தில் போட்டுச் சமாளிக்கும் இடம் இது அல்ல.

கனடாவின் தீவிர முறையையும் அதே கட்டணத்தில் சேர்த்திருக்கிறாய். அதைப் பிரித்துவிடு. அங்கே 55 மில்லிலிட்டர், அரை நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. ஃபில்டரில் உள்ள காற்றுத் துளைகளை முழுவதுமாக அடைக்க வேண்டும். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் கையால் டேப் சுற்றுவது எவ்வளவு நேரம் தின்னும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புகையும் கனமாக வரும். 44 மில்லிமீட்டர் பேட் 150 மில்லிகிராம் வரைதான் தாங்கும் என்பதால் பேடுக்குக் குறைந்த சிகரெட்டே வைக்கலாம். பேட் கூடினால் நிறுப்பதும் கரைப்பதும் கூடும்.

மற்ற நச்சுப்பொருள்களைப் பொருளுக்கு இவ்வளவு என்று பெருக்காதே. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012இல் வெளியிட்ட பட்டியலிலேயே 93 இருக்கின்றன. அப்படிப் பெருக்கினால் தொகையைப் பார்த்தே திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள். குழுவாகப் பார். ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் மூன்றையும் ஒரே கரைசலில் பிடித்து ஒரே ஓட்டத்தில் அளக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களுக்கு வேறு முறை, வேறு கருவி, உலோகங்களுக்கு இன்னொன்று. புதுக் குழு சேரும்போதுதான் செலவு ஒரேயடியாக எகிறும்.

அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு சிகரெட்டுகளைக் குறைத்துச் சிக்கனம் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டு சிகரெட்டை ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டினால்தான் அன்றைய எண்களை நம்ப முடியும். ஒரு பிராண்டைச் சோதித்தாலும் பத்தைச் சோதித்தாலும் அந்த வேலையும் அளவுத்திருத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் மாதிரிகளைச் சேர்த்துவைத்துத் தொகுதியாக ஓட்டு. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

பணம் யார் தருவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சிகரெட் விற்றுச் சம்பாதிப்பவர்களிடமே கட்டணமாக வாங்க வேண்டும். ஆனால் ஆய்வகம் அவர்கள் கையில் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு உத்தரவும் சரிபார்க்கும் ஆய்வகம் புகையிலை நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது என்கிறது. இயந்திரம் காட்டும் இந்தக் குறைந்த எண்களை வைத்து, தீங்கு குறைவு என்று தோன்றும்படி 'லைட்' என்று சொல்லி எத்தனை பேரை ஏமாற்றினார்கள்! இயந்திரம் இழுக்கிற மாதிரி மனிதன் இழுப்பதில்லை என்ற ஒரு வரியை உன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடு.

நேரக் கணக்கைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு. கருவிப் பராமரிப்பு வரிகளையும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மணி