2024–25 ஆண்டறிக்கை: சிறப்புப் பள்ளி பெற்றோர் சங்கம், கும்பகோணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பள்ளித் தாளாளர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். அவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும்.

அறிக்கை ஆண்டில் செயற்குழு வழக்கம்போல் கூடியது. சுதந்திர தினத்தன்று தலைவர் கொடியேற்றினார். அக்டோபர் 6, உலக மூளை முடக்குவாத (செரிபரல் பால்சி, சுருக்கமாக சி.பி.) நாளில் பிள்ளைகள் பச்சை உடையில் மகாமகக் குளம் வரை சக்கர நாற்காலி ஊர்வலம் போனார்கள். டிசம்பர் 3 விளையாட்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு வழங்கப்பட்டது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் பெறுவது பற்றி ஒரு கூட்டம் நடத்தினோம். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுதான் அதைத் தருகிறது. நம் பிள்ளைகளில் சிலர் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள், இன்னும் விண்ணப்பமே போடவில்லை. யார் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

இனி, இந்த ஆண்டு முழுக்கப் பேசப்பட்ட விஷயம். சிலர் செயலாளரான எனக்கு எதிராகப் பேசிய விஷயமும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் ஓர் அன்பர், தெரபி அறைக்கென்று ஒரு தொகை அனுப்பியிருந்தார். செயற்குழுவில் பெரும்பாலானவர்கள், பிள்ளையைப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டு நடக்க வைக்கும் மின்சார இயந்திரம் ஒன்றை வாங்கலாம் என்றார்கள். திறப்பு விழா வைக்கலாம், பெயர்ப்பலகை போடலாம், நாளிதழில் படம் வரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இயந்திரம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதில் ஏற்றி நிறுத்தும் நிலையில் இருக்கும் பிள்ளைகள் நம்மிடம் ஒரு சிலர்தான். மற்றவர்களுக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை.

நம் பிசியோ சார் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரம் கிடைத்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில் பாயில் கிடக்கிறது, இல்லையென்றால் அம்மாவின் மடியில் விறைத்துக்கொண்டு சாய்ந்திருக்கிறது. குறைமாதத்தில் பிறந்ததாலோ, பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறியதாலோ, மஞ்சள்காமாலை மூளைக்கு ஏறியதாலோ வந்த மூளைப் பாதிப்பு வருடா வருடம் கூடுவதில்லை. ஆனால் தசை அப்படி இல்லை. பிள்ளை வளர வளர எலும்பு நீள்கிறது, இறுகிய தசை அந்த வேகத்துக்கு நீள்வதில்லை. குதிகால் தரையில் படாமல் போகிறது, முழங்கால் மடங்கியே நிற்கிறது, தொடைகள் கத்தரிபோல் குறுக்கே விழுகின்றன, கடைசியில் இடுப்பு மூட்டு நழுவுகிறது. அதை அரைமணி நேரத்தில் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. ஊசி போட்டுத் தசையைத் தளர்த்தினாலும் அது சில மாதங்கள்தான் நிற்கும். அந்த மாதங்களில் நீட்டல் பயிற்சி தராமல் விட்டால் ஊசிக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

ஆகவே பணத்தை இரண்டு வேலைக்குச் செலவிட்டேன். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுப் பயிற்சி வகுப்பு. இரண்டு, காகித நாற்காலிகள்.

காகித நாற்காலி என்றதும் சிரித்தவர்கள் உண்டு. பழைய அட்டைப் பெட்டிகளை மைதா பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே கனம் ஏற்றி, காய வைத்தால் பலகை மாதிரி ஆகிவிடும். செய்தித்தாளை இறுகச் சுருட்டிக் கால்களும் முட்டுகளும் செய்து, மேலே காகிதப் பட்டைகளை ஒட்டிச் சாயம் பூசினால் பெரியவர் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். தலைவரே உட்கார்ந்து பார்த்தார். கடையில் விற்கும் சி.பி. நாற்காலி பிள்ளையின் அளவுக்கு வருவதில்லை, விலையும் கட்டாது. இது ஒவ்வொரு பிள்ளையையும் அளந்து செய்தது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்க வேண்டும், பாதம் முழுதாகப் பலகையில் பதிய வேண்டும், தொடைகளுக்கு நடுவே ஒரு கட்டை, முன்னால் ஒரு தட்டுப்பலகை. அளவெடுத்தது நம் ஆக்குபேஷனல் தெரபி மேடம். பெட்டிகள் கடைத்தெருப் பாத்திரக் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது.

ஐப்பசி அடைமழையில் ஒன்றும் காயவில்லை. பள்ளி மாடிப்படியில் மின்விசிறி வைத்துக் காய வைத்தோம், அந்த மின்கட்டணத்தைப் பற்றியும் செயற்குழுவில் ஒரு கேள்வி வந்தது. பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலக்கச் சொன்னார் ஒருவர். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அது விஷம், நம் பிள்ளைகள் கைக்கு எட்டியதை எல்லாம் வாயில் வைப்பவர்கள் என்பதால் நான் அனுமதிக்கவில்லை. வார்னிஷ் இரண்டு பூச்சு கூடுதலாக அடித்தோம்.

பலன் என்ன என்று கேட்டவர்களுக்கு: பாபநாசத்திலிருந்து வரும் ஓர் அம்மா, ஏழு வயது மகளை இதுவரை மடியில் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் கஞ்சி புகட்டி வந்தார். அப்படிக் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய் இருமலும் சளியும் வரும் என்று வகுப்பில்தான் தெரிந்தது. இப்போது பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து, முகவாய் சற்றுத் தாழ உட்கார்ந்து சாப்பிடுகிறது. "இப்பதான் சார் என் ரெண்டு கையும் எனக்குக் கிடைச்சிருக்கு" என்றார் அந்த அம்மா. பெயர்ப்பலகையில் போட வேண்டுமென்றால் இதைப் போடலாம்.

சரி, ஞாயிறு வகுப்புக்கு வருவோம். முதலில் சனிக்கிழமை வைத்தோம். அப்பாக்களுக்கு வேலைநாள் என்றார்கள். ஞாயிறுக்கு மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து, ஊருக்குப் போக வேண்டும், லாரிக்கு லோடு ஏற்ற வேண்டும். வகுப்புக்கு அம்மாக்கள் வந்தார்கள், பாட்டிகள் வந்தார்கள், நாச்சியார்கோவிலிலிருந்து ஒரு அக்கா, தானே பள்ளிக்கூடம் போகிற பெண், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அப்பாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளையைத் தூக்கி இறக்கி முதுகு போனது அம்மாக்களுக்கு. எப்படித் தூக்கினால் முதுகும் போகாது, பிள்ளையின் காலும் விறைக்காது என்று கற்றுக்கொள்ள வந்ததும் அவர்களே.

ஆனால் நம் உறுப்பினர் பதிவேட்டைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே அப்பாக்களின் பெயரில் இருக்கிறது. வருபவர்களுக்கு வாக்கு இல்லை, வாக்கு உள்ளவர்கள் வருவதில்லை. இதைத் திருத்தித் தாய்மாரையும் உறுப்பினராக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி விதித் திருத்தத்துக்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். போன ஆண்டு குறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இல்லாமல் கூட்டமே ஒத்திவைக்கப்பட்டது. இன்று எத்தனை பேர் என்பதைத் தலைவர் எண்ணிச் சொல்வார்.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். மாதம் 50. பாதிப்பேருக்கு மேல் தரவில்லை. உண்மையிலேயே முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சங்கம் கேட்டதும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. நான் சொல்வது வேறு ஆட்களை. தூரத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டெம் செல் ஏற்றினால் பிள்ளை நடந்துவிடும் என்று சொன்னதை நம்பி, நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகளில், மூளை முடக்குவாதத்துக்கு அது ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது, பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையாக அங்கீகாரம் இல்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை, பெற்றவர்களின் தவிப்பு எனக்கும் தெரியும், என் மகனுக்கும் பதினொரு வயது. ஆனால் அங்கே லட்சம் கட்டியவர் இங்கே 600 ரூபாய்க்கு "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்னும்போது கொஞ்சம் வருத்தம் வரத்தான் செய்கிறது.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு லட்சம் வரை வரும், தெரபி செலவுக்கும் அதில் இடம் உண்டு. புதுப்பிக்காமல் விட்டவர்கள் பட்டியல் அலுவலகச் சுவரில் இருக்கிறது.

வரவு செலவு: தணிக்கையாளர் பார்த்த கணக்கு இந்த அறிக்கையோடு இணைக்கப்பட்டுள்ளது. பொதுவாகச் சொன்னால், சந்தா எதிர்பார்த்ததைவிடக் குறைவு, நன்கொடை பரவாயில்லை, செலவு வரவைச் சற்றே தாண்டியிருக்கிறது. மைதாவுக்கும் வார்னிஷுக்கும் ரசீது இருக்கிறது. சில்லறைச் செலவுகள் என்ற தலைப்பு ஏன் நீளமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பொருளாளர் விளக்கம் தருவார்.

தாளாளர், தலைமையாசிரியை, சிறப்பாசிரியைகள், வேன் ஓட்டுநர், ஆயாம்மாக்கள், செயற்குழுவினர், பாத்திரக் கடை உரிமையாளர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. இயந்திரம் வாங்கச் சொன்ன உறுப்பினர்களுக்கும் நன்றி. அவர்கள் கேள்வி கேட்டதால்தான் இவ்வளவும் எழுத்தில் வந்தது.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பிசியோ சாருக்கு இரண்டு மாத ஊதியம் பாக்கி. அவர் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் தஞ்சாவூரில் ஒரு கிளினிக்கில் முழுநேர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் போய்விட்டால் கும்பகோணத்தில் நம் பிள்ளைகளின் காலைத் தொட்டுப் பழகிய ஆள் வேறு கிடையாது. இருக்கிறவரையே மூன்றாவது நாளும் வரவைக்க வேண்டும் என்பது என் ஆசை. கை கால் கோணாமல் பிடித்து வைக்கப் போன வருடம் போட்ட ஸ்பிளிண்ட் பாதிப் பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்டது. முதலில் செய்த நாற்காலிகளும் அப்படியே, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் பீரோ சாவியையும் பசை வாளியையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் கையில் காசு இல்லாமல் தொடர முடியாது.

பொருளாளர் ரசீது புத்தகத்துடன் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறையும் வைத்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்