எத்தனை புள்ளி போதும்? சிங்கப்பூர் வணிகப் பள்ளிகளின் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, உங்களில் ஒரு பள்ளி நடத்திய எம்பிஏ விளக்கக் கூட்டத்துக்கு என் தம்பியுடன் நானும் வந்திருந்தேன். ஜூரோங்கில் வேலை முடித்து நேராக வந்தவன், பாதுகாப்புக் காலணியைக்கூட மாற்றவில்லை. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கி, வணிகப் பள்ளிச் சேர்க்கைக்கு எழுதும் ஜிமேட் தேர்வைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "ஜிமேட்டில் எத்தனை புள்ளி எடுத்தால் போதும்?" மேடையில் இருந்தவர் இனிமையாகவே பதில் சொன்னார். "அதிகமாக இருந்தால் நல்லதுதான். ஆனால் நாங்கள் விண்ணப்பத்தை முழுமையாகப் பார்க்கிறோம்."

அந்தப் பதிலில் எங்கள் வீடு வரை வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்தான்.

சென்ற மாதம் அவனுடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. அவன் எடுத்திருந்த புள்ளி 805. அந்தத் தேர்வில் அதற்கு மேல் எடுக்க ஒன்றுமில்லை.

எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. முடிவை மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. யாரைச் சேர்ப்பது என்பது உங்கள் உரிமை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் கேட்பது ஒரு வரி மட்டும். எந்தப் புள்ளிக்கு மேல் போனால் உங்கள் பார்வையில் வித்தியாசம் எதுவும் இல்லையோ, அந்தப் புள்ளியை வெளிப்படையாக எழுதிவையுங்கள். "இது போதும், இதற்கு மேல் தேர்வு எழுதாதீர்கள்" என்று சொல்லுங்கள்.

தம்பி முதல் முறை எடுத்தது 655. இரண்டாவது முறை 695. மூன்றாவது முறை 735. தேர்வு எழுதுவோரில் நூற்றுக்கு 99 பேரை அப்போதே தாண்டிவிட்டான். இப்போதைய அளவுகோலில் உலகின் எந்தப் பெரிய வணிகப் பள்ளியின் வகுப்புச் சராசரியும் 735ஐ எட்டவில்லை. உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. சராசரி என்றால் அதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் புரிந்துகொள்வோம். 735க்குப் பிறகும் நிறுத்தலாம் என்று யாரும் சொல்லாததால், நான்காவது முறையும் பதிவு செய்தான். ஒவ்வொரு முறையும் கட்டணம் 300 அமெரிக்க வெள்ளியை ஒட்டி வரும். பயிற்சி வகுப்புச் செலவு தனி. அதை நான் கொடுத்தேன். அதற்காக இந்த மடலை எழுதவில்லை, பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

போன மற்ற இரண்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தம்பி கப்பல் உதிரிப்பாகங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். 735 வந்திருந்த சமயத்தில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் புதுக் கிடங்கு திறக்கும் பொறுப்பை அவனிடம் தர மேலாளர் முன்வந்தார். ஆறு மாதம் அங்கே தங்க வேண்டும், பன்னிரண்டு பேரை வேலைக்கு எடுத்துப் பழக்க வேண்டும். அவன் வேண்டாம் என்றுவிட்டான். அங்கே போனால் சனி, ஞாயிறு பயிற்சி வகுப்பு விட்டுப்போகும், தேர்வுத் தேதி தள்ளிப்போகும் என்பதுதான் காரணம். அவனோடு சேர்ந்த இன்னொரு பெண் போனார். இன்று அந்தக் கிடங்கு அவர் பொறுப்பில் இருக்கிறது. "குழுவை வழிநடத்திய அனுபவத்தை எழுதுக" என்று உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. தேசிய சேவையில் எட்டுப் பேர் கொண்ட பிரிவுக்குத் தலைமை தாங்கியதை எழுதினான். அது பத்து ஆண்டுப் பழைய கதை.

இரண்டாவதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் புளோக்கின் கீழே வசிப்போர் குழுவின் அறை ஒன்று இருக்கிறது. அங்கே நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலையில் தொடக்கநிலை ஐந்து, ஆறு பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்தான். ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள், பாதிப் பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். வெளியே துணைப்பாடம் வைக்க வசதியில்லாத வீடுகள். நான்காவது முறைக்குத் தயாரானபோது அந்த வகுப்பை நிறுத்தினான். கொஞ்ச நாள்தான், முடிந்ததும் தொடங்கிவிடலாம் என்று சொன்னான்.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், நான்காவது மாடியில் இருக்கும் பையன். தொடக்கநிலை ஐந்து. கையில் கசங்கிய பயிற்சித்தாள். பின்னக் கணக்கு ஒன்றுக்குக் கட்டம் வரைந்து, பாதியில் விட்டிருந்தான். "அக்கா, அண்ணன் இருக்காரா? ஒரு கணக்குதான்." தம்பி உள்ளே இருந்தான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மாதிரித் தேர்வுக்குக் கடிகாரம் ஓட்டிக்கொண்டிருந்தான். 64 கேள்வி, 2 மணி 15 நிமிடம், நடுவில் எழுந்தால் அந்தப் பயிற்சி வீண். நான் பையனிடம், "அண்ணனுக்குப் பரீட்சைப்பா, அப்புறம் வா" என்று அனுப்பினேன். அந்தக் கணக்கை நானாவது உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கலாம். தேர்வு ஒன்றே நினைப்பாக இருந்த வீட்டில் எனக்கும் அது தோன்றவில்லை. பையன் மறுபடி வரவில்லை.

உங்கள் விண்ணப்பத்தில், "தற்போது ஈடுபட்டுள்ள சமூகப் பணி" என்று ஒரு கட்டம் இருந்தது. தற்போது. பொய் எழுத அவனுக்கு மனம் வரவில்லை. காலியாக விட்டான்.

நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். 735ஐ 805 ஆக்க அவன் கொடுத்த விலை, உங்கள் படிவம் தேடிய அதே விஷயங்கள். உங்களுக்குத் தேவைப்படாத 70 புள்ளிக்காக, உங்களுக்குத் தேவைப்பட்டதை எல்லாம் விட்டுக்கொடுத்தான். அந்த 70 புள்ளி என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கேள்விகள்.

புள்ளிக்குப் பயனே இல்லை என்று நான் வாதாடவில்லை. தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகப் போய், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரப் பட்டம் வாங்கியவன். பட்டத்தில் மதிப்பெண் சுமார்தான். அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல ஜிமேட் புள்ளி உதவும், இவனால் பாடத்தைச் சமாளிக்க முடியுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும். இந்தத் தேர்வு பிறந்ததே அதற்குத்தான். 1953இல் ஒன்பது வணிகப் பள்ளிகள் சேர்ந்து முடிவு செய்து, அடுத்த ஆண்டு தேர்வு நடந்தது. வகுப்பில் தொடக்கக்காலப் பாடங்களை ஒருவர் எப்படிச் செய்வார் என்று கணிப்பதுதான் அதன் வேலை. அவர் நல்ல மேலாளரா, நாலு பேரை அரவணைத்துப் போவாரா என்பதைக் கணிப்பதாக அதை நடத்துகிறவர்களே சொல்வதில்லை. பழைய 800 புள்ளித் தேர்வில், ஒருவருடைய புள்ளி 30, 40 வரை முன்பின் இருக்கலாம் என்றுதான் அவர்களே சொல்லிவந்தார்கள். ஆக, சந்தேகம் 695லேயே தீர்ந்திருக்கும், 735இல் நிச்சயம் தீர்ந்திருக்கும். தீர்ந்தது என்று சொல்ல உங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஏன் சொல்வதில்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. யுஎஸ் நியூஸ் போன்ற தரவரிசைகளில் வகுப்பின் ஜிமேட் புள்ளிகளும் கணக்கில் சேர்கின்றன. பைனான்சியல் டைம்ஸ் அதைச் சேர்ப்பதில்லை என்றாலும், உயர்ந்த சராசரியைக் கையேட்டில் போட எந்தப் பள்ளிக்கும் பிடிக்கும். விண்ணப்பிப்பவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் இரவுகளில், அந்தச் சராசரியை உங்களுக்கு ஏற்றித் தருகிறார்கள். "இது போதும்" என்று நீங்கள் சொல்லிவிட்டால் அந்த ஏற்றம் நின்றுவிடும். காரணம் இதுவாக இருந்தால், அது நியாயமே இல்லை என்று நான் நேராகவே சொல்கிறேன்.

இதே ஊரில் நம் கல்வி அமைச்சு என்ன செய்தது என்று பாருங்கள். தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் ஒரு புள்ளி, அரைப் புள்ளிக்காகக் குடும்பங்கள் உருகிப்போவதைப் பார்த்து, 2012இல் முதலிடம் பெற்ற மாணவர்களின் பெயரை அறிவிப்பதையே நிறுத்தினார்கள். 2021இல், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி தரும் டி ஸ்கோரையும் எடுத்துவிட்டு, மதிப்பெண்ணைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ஏஎல் முறையைக் கொண்டுவந்தார்கள். 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் முதல் படிநிலையான ஏஎல் 1. 91 எடுத்த பிள்ளைக்கும் அதுதான், 99 எடுத்த பிள்ளைக்கும் அதுதான். அதற்கு மேல் ஓடாதே, போய் விளையாடு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அமைச்சே சொல்லிவிட்டது. பெற்றோர் எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் பட்டப்படிப்பில் மதிப்பெண்ணைத் தாண்டிப் பார்த்துச் சேர்க்கும் இடங்களை 2017 முதல் 15 விழுக்காடு வரை உயர்த்தின. இருபத்தொன்பது வயதில் சம்பாதித்துக் குடும்பம் தாங்கும் ஒருவனிடம் சொல்ல மட்டும் உங்களுக்கு ஏன் தயக்கம்?

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்கவில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் "எவ்வளவு எடுத்தான்?" என்று கேட்பவர்கள் நாம்தான். தம்பி பாத்தாம் போயிருந்தால் "அங்க என்ன வேலை?" என்று கேட்டிருப்பார்கள். 805 என்றதும் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். பயிற்சி நிலையங்கள் இந்த மனத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. அவன் படித்த இடத்தில் சுவர் முழுக்க எண்கள், எண்ணுக்குப் பக்கத்தில் முகங்கள். அந்த முகங்களில் யார் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று ஒரு வரியும் கிடையாது. அங்கே திருச்சி, கோயம்புத்தூரிலிருந்து வேலை அனுமதியில் வந்த பையன்கள் நிறையப் பேர். ஒரு அறையில் நாலைந்து பேர் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மிச்சத்தைப் பயிற்சிக்குக் கட்டுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது என் தம்பி எவ்வளவோ தேவலை. அவனுக்கு அக்காவாவது பக்கத்தில் இருந்தேன்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். புள்ளித்தாளை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர், எந்த விஷயத்தையும் நிதானமாகத்தான் கேட்பார். "ஏம்மா, இதுக்கு மேல மார்க்கே இல்லன்னுதானே சொன்னான்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இன்னும் என்ன எடுக்கணுமாம்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பி காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினான். தனித்தனியாக விளக்கம் தருவது வழக்கமில்லை என்று பதில் வந்தது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருவதால் முடியாது என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ஆயிரம் பேருக்கும் பொதுவாக, முன்கூட்டியே சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுவதுதானே முறை?

கோபத்தில் சில வரிகள் கடுமையாக வந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதை மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த சேர்க்கைக்கான அறிவிப்பில், சராசரிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: இன்ன புள்ளிக்கு மேல் எடுத்தவர்களை நாங்கள் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம். அப்படி ஓர் எல்லை இல்லை, 735க்கும் 805க்கும் உங்களிடம் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு என்றால் அதையும் எழுதுங்கள், தெரிந்துகொண்டு உழைக்கிறோம். விளக்கக் கூட்டத்தில் யாராவது "எத்தனை போதும்?" என்று கேட்டால், தயவுசெய்து ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

தம்பி மறுபடியும் விண்ணப்பிக்கப்போகிறான். புள்ளி ஐந்து ஆண்டுக்குச் செல்லும் என்பதால் இனித் தேர்வு இல்லை. சனிக்கிழமை வகுப்பைப் போன வாரம் திரும்பத் தொடங்கினான். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். நான்காவது மாடிப் பையன் இப்போது உயர்நிலை ஒன்றுக்குப் போய்விட்டான். வகுப்பு முடிந்து மேலே வந்த தம்பி என்னிடம் கேட்டான்: "அக்கா, இதை ஃபார்ம்ல போட்டா, அட்மிஷனுக்காகத்தான் திரும்ப ஆரம்பிச்சேன்னு நினைப்பாங்களோ?" 

நினைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போதும் என்ற எண்ணை எப்போது வெளியிடுவீர்கள் என்பதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
விண்ணப்பித்த ஒருவனின் அக்கா
ஈசூன், சிங்கப்பூர்