ஐந்து பேரை அழைத்து வருவதா, ஒருவர் பக்கத்தில் உட்காருவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சபைகளில் வாலிபர் கூட்டங்களுக்குக் குறைவில்லை. முகாம், வசனப் போட்டி, பாட்டுப் போட்டி எல்லாம் நடக்கின்றன. கிருபையை, அதாவது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவை, பாடாத பாட்டும் அபூர்வம். ஆனால் ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்று பாருங்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேராக வட்டம் கட்டி நிற்பார்கள். புதிதாக வந்த பிள்ளை சுவரோரம் போனைத் தடவிக்கொண்டிருக்கும். வட்டத்தில் நிற்பவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். அறிமுகமில்லாத ஒருவரிடம் எப்படிப் போய்ப் பேசுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இதில் முதல் தவறு பெரியவர்களுடையது. 'ஐந்து நண்பர்களை அழைத்து வந்தால் பரிசு' என்கிறோம். பரிசு கொடுத்து முடித்ததும் அந்த ஐந்து பேரும் காணாமல் போகிறார்கள். தன்னைக் கணக்குக் காட்டத்தான் கூப்பிட்டார்கள் என்பது எந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். இதைவிட மோசம், பிறந்தநாள் விருந்து என்று சொல்லி வேறு மதத்துப் பிள்ளையை நற்செய்திக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது. என்ன கூட்டம், யார் பேசுகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று உள்ளதைச் சொல்லி, அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் தெரிந்துதான் அழைக்க வேண்டும். 'வரவில்லை' என்று சொன்னால் மறுநாளும் அதே பெஞ்சு, அதே நட்பு. கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள், அதையும் சாந்தத்தோடு சொல்லுங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. கேட்பதற்கு முன்பே பிரசங்கத்தைத் தொடங்கச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது மிகச் சின்ன விஷயங்கள். ஆராதனை முடிந்த முதல் மூன்று நிமிடம் தெரியாத ஒருவருக்கு. நண்பர்களெல்லாம் அதற்குப் பிறகு. மூன்று நிமிடம் தாண்டினால் புதியவர் கிளம்பிப் போயிருப்பார். போய்ப் பேசுவது ஒருவர் அல்லது இருவராக இருக்கட்டும். ஏழு பேர் சூழ்ந்துகொண்டால் விசாரணை போலாகிவிடும். 'எந்த ஸ்கூல், எத்தனை மார்க்' என்று ஆரம்பிக்கக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பிள்ளைகள் கூட்டத்துக்கு வருவதில்லை. 'யார்கூட வந்தீங்க? எங்ககூட உட்காருறீங்களா?' போதும். பெயரைக் கேட்டால் வீட்டுக்குப் போனதும் குறித்து வைத்து, அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'எப்பவாச்சும் வாங்க' என்பது அழைப்பே அல்ல. 'ஞாயிறு ஒன்பது மணிக்கு கேட் பக்கத்துல நிற்பேன்' என்றால்தான் அழைப்பு. சொன்னபடி நிற்கவும் வேண்டும்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் மூன்றாவது வாரம். முதல் வாரம் எல்லாரும் மொய்ப்பார்கள். மூன்றாவது வாரம் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது முதல் நாளே கண்டுகொள்ளாமல் விட்டதைவிட அதிகம் வலிக்கும். ஆகவே பேசத் தொடங்கிய பிள்ளையே நான்கு வாரமாவது தொடர வேண்டும்.

திருந்தினால் சேர்த்துக்கொள்வோம் என்ற மனநிலையும் இளைஞர் குழுக்களில் உண்டு. லூக்கா 19-இல் வரிசை நேர்மாறாக இருக்கிறது. ஊரார் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன் சகேயு. மரத்தில் இருந்த அவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகுதான். இந்த வயதினருக்குச் சொல்ல இன்னொரு நல்ல உதாரணம் 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில் வரும் சிறுபெண். சீரியப் படை பிடித்துப்போய், அதன் தளபதி நாகமானின் மனைவிக்கு வேலைக்காரியாக்கியவள். அந்த வீட்டு எஜமானுக்குக் குஷ்டம் இருப்பதைப் பார்த்து 'நன்றாக வேண்டும்' என்று நினைக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் நீங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவள் பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை. மேடைக்கு ஆசைப்படும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்தது மன்னிப்பு. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அதற்குப் பிறகே சபை என்பது மத்தேயு 18 சொல்லும் முறை. வாட்ஸ்அப் குழுவில் இது தலைகீழாகிறது. முதல் வரியே அறுபது பேர் பார்க்கும் இடத்தில் விழுகிறது. பிறகு எத்தனை ஸ்டிக்கர் அனுப்பினாலும் ஆறாது. எனவே குழுவில் பதில் போடாமல் நேரில் பேச வேண்டும். நேரில் முடியாவிட்டால் போன் செய்ய வேண்டும்.

மன்னிப்புக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். 'நீ ஃபீல் பண்ணியிருந்தா சாரி' என்பது பழியை எதிராளி தலையில் கட்டுவது. 'உன் போட்டோவை உன்னைக் கேட்காம அனுப்பினேன். தப்பு. அழிச்சுட்டேன், யாருக்கு அனுப்பினேனோ அவங்ககிட்டயும் அழிக்கச் சொல்லிட்டேன்' என்று செய்ததைச் சொல்லி, சரிசெய்ததையும் சொல்ல வேண்டும். நடுவில் 'ஆனால்' வந்தால் எல்லாம் போச்சு. உடனே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மன்னிப்பது வேறு, மறைப்பது வேறு. அடித்தவரையோ தகாத முறையில் தொட்டவரையோ 'மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே' என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது கிருபை அல்ல, குற்றத்துக்குத் துணை. சபையில் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருப்பவராக இருந்தாலும் புகார் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். அதுபோலவே, ஒரு நண்பன் சாகப்போவதாகச் சொன்னால் 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யக் கூடாது. அவனைத் தனியே விடாமல், அந்த நேரமே நம்பகமான பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். நட்பு முறிந்தாலும் பரவாயில்லை. ஜெபிக்கலாம், ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

துக்க வீட்டில் பேச்சு குறைவாக இருக்கட்டும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. 'எல்லாம் தேவ சித்தம்' என்பதைவிட, தவறிப்போன பாடங்களின் நோட்ஸை எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது உதவும். கூட்டம் கலைந்தபின் பத்தாம் நாளும் போக வேண்டும். முதியோர் இல்லத்துக்குப் போனால் மூன்று பேராகப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். படம் எடுக்க வேண்டாம்.

வாலிபர் கூட்டம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: வாராவாரம் பத்து நிமிடத்தை இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்தி, புதியவரிடம் பேசுவதையும் மன்னிப்புக் கேட்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த வாரம் 'யார் யார் செய்தீர்கள்? கையைத் தூக்குங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பரிசுப் போட்டி வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கேட்க வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் சிலர்