வண்டி நின்றால் முள்ளைப் பார்

பாலக்கோடு
ஞாயிறு இரவு

கண்ணு,

நேற்று போனில் நான் சொன்னதற்கெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டாய். நீ இரண்டு தரம் சரிப்பா சொன்னால் பாதியைக் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து வரும்போது சூளகிரி பக்கம் வண்டி பொசுக்கென்று அணைந்தது, இருபது நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது என்றாய். பேட்டரியை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், இப்போது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றாதே. உடம்புக்கு என்னவென்று பார்க்காமல் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுக்கிற வைத்தியம் இது.

நம் தக்காளி வேன் ஞாபகம் இருக்கிறதா? இங்கே மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அப்படித்தான் அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடிக்கிறான். என் கை தானாகச் சாவிக்குப் போனது. ஓடுகிற வண்டியில் சாவியை முழுக்கத் திருப்பி எடுத்திருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும். நல்லவேளை, மூன்றாவது கியரில் இருந்தேன். கியரில் இருக்கிறவரை சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், பிரேக்கை லேசாக்குகிற வேக்குவமும், அதாவது உறிஞ்சு விசையும், கிடைக்கும். நியூட்ரலுக்குத் தள்ளினால் இரண்டு மூன்று மிதிதான், அப்புறம் பெடல் கட்டையாகிவிடும். அதனால் உனக்கு மறுபடி நின்றால் ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டு. ஸ்டியரிங் கனக்கும், பயப்படாதே.

எனக்கும் பிளக், ஃபில்டர், பம்ப் என்று வரிசையாக மாற்றினார்கள். அந்த மாசத் தக்காளிக் காசு அதிலேயே போனது. அப்புறம்தான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்: எங்கே நின்றது, கிளம்பி எவ்வளவு நேரம், டேங்கில் எவ்வளவு, வெயிலா மழையா. நாலு தரம் எழுதியதும் எனக்கே புரிந்துவிட்டது. காலையில் ஒருநாளும் நின்றதில்லை. சூடேறிய பிறகுதான் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது.

காவேரிப்பட்டணத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பட்டறை வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் அணைந்தது. துணியைத் தண்ணீரில் நனைத்து கிராங்க் சென்சார் மேல் வைத்தார். சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற விரல் அளவு சாமான் அது. உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போகிறது. இன்ஜின் சுற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போனால் அது தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும்.

உனக்கும் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜின் அணைகிற அந்த நொடியில், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்.பி.எம். முள் என்ன செய்கிறது என்று பார். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சடாரென்று பூஜ்யத்தில் விழுந்தால் என் சந்தேகம் சரியாக இருக்கலாம். திணறித் திணறி, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் வருவதில் கோளாறு. டேஷ்போர்டு விளக்கெல்லாம் மொத்தமாகப் போனால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், சாவி சுவிட்ச். டெர்மினலை நீயே கையால் ஆட்டிப் பார்க்கலாம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்தால் இன்ஜினுக்குக் காற்று விடுகிற திராட்டிலில் அழுக்கு.

கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கிற ஸ்கேனரில் கோளாறு எண் எதுவும் வரவில்லை என்று அந்த ஒர்க்‌ஷாப் பையன் சொன்னதை நம்பி உட்காராதே. இந்த சென்சார் பல நேரம் கோளாறு எண் எதுவும் காட்டாமலே கெடும். வண்டி சூட்டில் நின்றிருக்கும்போது செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஸ்கேனரில் ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுகிறது என்று கேள். இன்ஜின் சுற்றியும் பூஜ்யம் காட்டினால் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்கச் சொல். ஒயரை மறந்துவிடுவார்கள்.

இந்த வாரம் பஸ்ஸில் வா. சரியாகிறவரை அந்த வண்டியோடு ஹைவேயில் ஏறாதே, ராத்திரியில் வேண்டவே வேண்டாம்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அதே மாதிரி கோடு போட்டுக்கொள். மூலையில் சிவப்பாக இருப்பது தக்காளிக் கறைதான். கையெழுத்து புரியாவிட்டால் அம்மாவிடம் கேள், அவள் படித்துவிடுவாள்.

அப்பா