எக்னாத்தியா தெரு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கணேசா,

நலம்தானே? பாப்பாவுக்கு நிச்சயம் முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. கல்யாணத் தேதி முடிவானதும் உடனே சொல், நான் லீவு சொல்லிவைக்க வேண்டும்.

எங்கள் கப்பல் கிரீஸில் தெசலோனிகி துறைமுகத்தில் நிற்கிறது. இந்த ஊரின் எக்னாத்தியா தெருவைப் பற்றி வரலாற்று வாத்தியார் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்! துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பார்த்தால் பஸ்ஸும் காரும் நெரியும் கடைத்தெருதான். ஆனால் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் காலத்தில் நகரின் பெரிய வீதி ஓடியதும் இதே தடத்தில்தான்.

பாரசீகரை வென்ற ரோம ஆட்சியாளர் கலேரியஸுக்காகக் கி.பி. 300-ஐ ஒட்டி எழுப்பிய வளைவு இந்தத் தெருவோரம் நிற்கிறது. கொஞ்சம் மேற்கே போனால் 1028-இல் கட்டிய செங்கல் தேவாலயம். வாசலுக்கு மேலே பளிங்கில் வெட்டிய எழுத்துகளை அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 'முன்பு புனிதமற்றுக் கிடந்த இடம்' தேவமாதாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டதாக அதில் இருக்கிறது. கட்டியவர் கிறிஸ்தோபர், தென்னித்தாலியை ஆண்ட பைசாந்திய அதிகாரி. துருக்கியர் அதை மசூதியாக்கினார்கள். சுற்றிலும் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் இருந்ததால் அவர்கள் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

இந்தத் தெருவுக்கு அடியில் மெட்ரோவுக்காகத் தோண்டியபோது, வெனிசெலு நிலையத்தில் அந்தப் பழைய வீதியே வெளிப்பட்டது. பளிங்குப் பலகை பாவிய சாலை, ஓரங்களில் கடைகள். எதையும் அசைக்காமல் அங்கேயே காக்க வேண்டும் என்று தொல்லியலாளர்களும் ஊர்க்காரர்களும் வருடக்கணக்கில் போராடினார்கள். 2019-இல் பெயர்த்தெடுக்கவே முடிவானது. நிலையத்தைக் கட்டிவிட்டு மறுபடி கொண்டுவந்து பதித்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று ரயிலும் ஓட ஆரம்பித்தது. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அதைப் பார்க்க முடிகிறது என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை கணேசா. கல்லைத் திருப்பி வைக்கலாம், அது கிடந்த மண்ணடுக்கை எப்படித் திருப்பி வைப்பது?

இந்த ஊரில் திரும்பி வராத கற்களும் நிறைய. இங்கிருந்த ரோமானியத் தூண்வரிசை ஒன்றின் சிற்பங்களை 1864-இல் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் போனார்கள், இன்றைக்கும் லூவர் மியூசியத்தில்தான் இருக்கின்றன. அதைவிடக் கொடுமை யூதர்களின் இடுகாடு. 1492-இல் ஸ்பெயின் விரட்டிய யூதர்கள் இங்கே வந்து தழைத்தார்கள், ஒரு காலத்தில் ஊரில் பாதிப்பேர் அவர்கள்தான். 1942 டிசம்பரில், ஜெர்மானியர் பிடியில் ஊர் இருந்தபோது, லட்சக்கணக்கான கல்லறைகளை இடித்தார்கள். அந்தக் கல்லெல்லாம் சுவருக்கும் நடைபாதைக்கும் போனது. மறு வருடமே 45,000-க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். இடுகாடு இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகம், எக்னாத்தியாவை ஒட்டியே இருக்கிறது. வளாகத்துக்குள் ஒரு நினைவுச்சின்னம் வைக்க 2014 ஆகிவிட்டது. இது எனக்குத் தாங்கவே இல்லை.

மெட்ரோ விஷயத்தில் நீ என்ன நினைக்கிறாய்? ரயிலும் வேண்டும், வீதியும் வேண்டும் என்றால் வேறு வழி இருந்ததா? விரிவாக எழுது. நாளை பிரேயஸ் கிளம்புகிறோம், படங்களை அங்கிருந்து அனுப்புகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி